நிற்காமல் போகும் வண்டி

முதலாளி சொன்னபடி லாரியின் கேபின் மேல் காற்றுத் தடுப்பும், சுலபமாக உருளும் புது டயர்களும் மாட்டி முடித்த மெக்கானிக், டிரைவரிடம் பெருமையாகச் சொன்னான்.

"அண்ணே, இனிமே மைலேஜ் எகிறிடும். டேங்க்கை ஒரு வாட்டி நிரப்பினா, நடுவுல எங்கயும் நிக்காம துறைமுகம் போய்ச் சேர்ந்துடலாம்."

டிரைவரின் முகம் வாடியது. "இதைவிடச் சின்ன டேங்க் மாட்ட முடியுமா தம்பி?"

"ஊரே பெரிய டேங்க் கேக்குது. நீங்க என்னண்ணே தலைகீழா கேக்கறீங்க?"

"டீசல் போட மட்டும்தான் முதலாளி வண்டியை நிறுத்த விடுவார். பாதி வழி பங்க்ல டீசல் போடுறது என் சம்சாரம். மீட்டர் ஓடுற அந்தப் பத்து நிமிஷம்தான் நாங்க முகம் பார்த்துக்கறது."

மெக்கானிக் ஸ்பானரை வைத்துவிட்டு முதலாளிக்குப் போன் போட்டான்.

"ஐயா, டேங்க்கைச் சின்னதாக்கிட்டா எடை குறையும். மைலேஜ் இன்னும் கூடும்."