பொறியாளர் கையில் நூல்

நிலக்கரிச் சுரங்கத்துக் குழாயில் வெளியேறுவது எரிவாயுவே இல்லை, வெறுங்காற்றுதான் என்று நிறுவனத்துப் பொறியாளர் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அடித்துச் சொன்னார். ஆய்வு அதிகாரி தமயந்தி, அன்று காலையில் ஊரார் பார்க்க அந்தக் குழாயிலேயே நிரப்பிக் கட்டிய பெரிய பிளாஸ்டிக் பையை வரவழைத்து, அதன் நூலை அவர் கையில் கொடுத்தாள்.

“வெறுங்காத்துன்னா கீழதான் விழும். கைய விடுங்க, சார்.”

அவர் விடவில்லை. தலைக்குமேல் பை நிமிர்ந்து நின்று, அவர் விரலை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. கடைசி வரிசைக்காரர், பற்றவைக்க எடுத்த பீடியைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார்.

தமயந்தி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“அவசரமில்ல சார். கை வலிச்சதும் விடுங்க. நாங்க யாரும் எந்திரிச்சுப் போகல.”