பனியில் வெட்டிய புல்

எதிர்வீட்டுப் புல்லின் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

கமலவேணி அந்த வீட்டுக் கேட்டைத் தாண்டி இரண்டடி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புல் வெட்டும் மிஷினின் கத்தி மழுங்கிவிட்டது. தீட்டுவதற்கு ஓர் அரம் இரவல் கேட்கத்தான் தெருவைக் கடந்து வந்திருந்தாள்.

உச்சி வெயில். காஜா பெராங் குடியிருப்பின் அந்தச் சின்னத் தெருவில் ஈ காக்கை இல்லை.

குனிந்து ஒரு புல்லைக் கிள்ளினாள். நறுக்கென்று வெட்டுப்பட்ட நுனியாக இல்லை. பிய்ந்து, நார் நாராகத் தொங்கிக் காய்ந்திருந்தது. வெட்டி விழுந்த புல் அங்கங்கே திட்டுத்திட்டாய் ஒட்டிக் கிடந்தது. அதற்கு அடியில் எல்லாம் மஞ்சள்.

பனி உலர்வதற்கு முன் வெட்டினால்தான் இப்படி ஆகும். அவள் வீட்டுப் புல்லும் இதே கோலத்தில்தான் இருந்தது.

அவள் கணவர் சேதுராமன் வெட்டிய காலத்தில் அப்படியில்லை. வெயில் ஏறட்டும், ஈரம் போகட்டும் என்று காத்திருப்பார். கத்தியை இரண்டு விரற்கடைக்குக் கீழே இறக்கமாட்டார். ஒட்ட வழித்தால் வேர் வெந்துவிடும் என்பார். இந்த வீட்டுப் பொன்னுதுரையோ அவரையும் மிஞ்சியவர். சனிக்கிழமை சாயங்காலங்களில் இருவரும் ஆளுக்கொரு வேலியில் சாய்ந்துகொண்டு புல்லைப் பற்றியே பேசித் தீர்ப்பார்கள்.

அதெல்லாம் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு.

காலையில் ஆபீசுக்குப் போன சேதுராமனை அங்கேயே லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். கூட வேலை பார்த்தவர் ஒருவர் பின்வாசல் வழியாக வந்து காதோடு சொல்லிவிட்டு ஓடினார். கமலவேணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

தெருவுக்குத் தெரியக்கூடாது. ஆண் இல்லாத வீட்டைச் சிப்பாய்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். முன்வாசலில் புல் மண்டிய வீடு என்றால் கேட்கவே வேண்டாம். தெருக்கோடி வீட்டுக்குள் அப்படித்தான் நுழைந்தார்கள். அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசுவதில்லை.

பின்பக்கம் முழுக்க மரவள்ளி நட்டாள். முன்பக்கம் நடவில்லை. மரவள்ளி ஆளுயரத்துக்கு வளர்ந்து வீட்டை மறைத்துவிடும். மறைந்த வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் தெருவுக்குத் தெரியாது.

அதனால் புல் வெட்டினாள். விடிந்தும் விடியாத நேரத்தில், அவருடைய கால்சட்டையை இடுப்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வெட்டினாள். தூரத்திலிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு ஓர் ஆண்பிள்ளை. வெயில் ஏறும்வரை காத்திருந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஈரப்புல் கத்தியில் சுற்றிக்கொள்ளும். மிஷின் நகராமல் அடம்பிடிக்கும். உள்ளங்கை கொப்புளித்து உடையும்.

யாராவது விசாரித்தால், அவருக்கு ராத்திரி வேலை, தூங்குகிறார் என்பாள். பேச்சு வளர்ந்தால் உளறிவிடுவோமோ என்று பேசுவதையே விட்டுவிட்டாள். சில நாள் விளக்கு வைக்கும்போதுதான், காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும்.

எதிர்வீட்டிலிருந்தும் சில விடியற்காலைகளில் மிஷின் சத்தம் வரும். கொடுத்துவைத்தவள், துணைக்கு ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போர்வையைக் காதுவரை இழுத்துக்கொள்வாள்.

இப்போது அந்தப் பிய்ந்த புல் அவள் விரல்களுக்கு நடுவே இருந்தது.

பொன்னுதுரை பனியில் புல் வெட்டுகிறவர் இல்லை. தலையே போனாலும் வெட்டமாட்டார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சிவகாமசுந்தரியின் குரல், வேண்டுமென்றே உரக்க, வெளியே வந்தது.

"ஏங்க, எதிர்வீட்டுக் கமலாதான். நீங்க படுத்திருங்க, நான் பாத்துக்கறேன்."

கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். கமலவேணி கையிலிருந்ததைக் கீழே போடவில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டினாள். புல்லும் தெரிந்தது, உடைந்த கொப்புளங்களும் தெரிந்தன.

சிவகாமசுந்தரி பார்த்தாள். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன் எப்பக்கா..." என்றாள் கமலவேணி.

"தைப்பூசத்துக்கு முன்னாடி."

சேதுராமனைக் கொண்டுபோனதற்கும் முன்பு. அத்தனை மாதமாக இவளும் தனியாள்.

"உன் வீட்டுப் புல்லைப் பாத்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு கமலா. ஓடி வந்து உன்னைக் கட்டிக்கணும்னு இருந்துச்சு. வந்தா என் வீட்டு விஷயமும் வெளிய வந்துடுமேன்னு பயந்துட்டேன்."

கமலவேணிக்குக் கோபம் வரவில்லை. அவளாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள். படியில் போய் அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். மனித உடம்பின் சூடு பட்டு எவ்வளவு நாளாயிற்று என்று தெரியவில்லை.



சிவகாமசுந்தரியின் பார்வை மெல்ல அடுத்த வீட்டு வேலியைத் தாண்டிப் போனது. கமலவேணியும் அந்தப் பக்கம் திரும்பினாள். சாத்திய கதவு. சீராக வெட்டிய புல். அதன் நுனியும் வெளுத்திருந்தது.

"பொன்னம்மா வீட்டுக்காரருக்குக் காய்ச்சலாம்," என்றாள் சிவகாமசுந்தரி. "மழைக்காலத்திலேருந்து எழுந்திருக்கவே இல்லையாம்."

அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.