கேட்பவருக்கு இவர் இல்லை

அன்று காலை நூலகத்தின் தகவல் மேசைக்கு முதலில் வந்தவள் கோமதி.

"எங்க அப்பாவைத் தேடி வந்திருக்கேன் மேடம். பேரு ஆவுடையப்பன். எனக்கு ரெண்டு வயசுல விட்டுட்டுப் போனவர். அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்."

மேசையில் இருந்த செண்பகவல்லி அவளுடைய அடையாள எண்ணை வாங்கி, அதோடு அப்பாவின் பெயரையும் தட்டினாள். திரையில் படம் வந்தது. தினமும் ஜன்னலோரம் பேப்பர் படிக்கும் பெரியவர்தான். இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். படத்துக்குக் கீழே, 'கேட்பவருக்கு இவர் இல்லை' என்று சிவப்பில் மின்னியது. வேண்டாதவர்களிடமிருந்து தங்களை மறைத்துக்கொள்ளும் உரிமை புதுச் சட்டப்படி எல்லோருக்கும் வந்திருந்தது. ஆவுடையப்பன் மகளிடமிருந்து தன்னை மறைத்திருந்தார். மீறிச் சொன்னால் செண்பகவல்லிக்கு ஜெயில்.

"அப்படி யாரும் இல்லம்மா" என்றாள். கோமதியின் முகம் வாடியதும் மனசு கேட்கவில்லை. "எதுக்கும் ஜன்னல்கிட்ட இருக்கற பெரியவரைக் கேட்டுப் பாரு. ஊர்ல எல்லாரையும் தெரிஞ்சவரு."

கோமதி போய், தான் யாரென்று சொல்லி, அப்பாவைப் பற்றிக் கேட்டாள். அவர் நிமிர்ந்து அவளையே சற்று நேரம் பார்த்தார்.

"ஆவுடையப்பனா? செத்துட்டாரேம்மா. நான்கூட சுடுகாடு வரைக்கும் போனேன்."

அவள் நின்றபடியே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னைக்குன்னு ஞாபகம் இருக்கா ஐயா? கல்யாணத்துக்கு முன்னாடி அவருக்குப் படையல் போடணும்" என்றாள்.

இனியாவது சொல்லிவிடுவார் என்று செண்பகவல்லி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"ஆடி அமாவாசை" என்று சொல்லிவிட்டு, அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.