பெயரைத் தொட்டால் கேட்கும்

அந்த அலுவலகத்தில் நம்மைப் பற்றி இன்னொருவர் பேசியதை நாம் கேட்டுக்கொள்ளலாம். போனில் அவர் பெயரைத் தொட்டால் போதும். தொட்டது யாரென்று அவருக்கும் உடனே தகவல் போய்விடும்.

டீம் லீடர் பதவி கைநழுவிய அன்று இளவேனிலுக்கு ஜெசிந்தா மேல்தான் சந்தேகம். தினமும் மீன் குழம்பைப் பங்கு போடுகிறவள்தான் மேனேஜரிடம் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். தெரிந்தால் தெரியட்டும் என்று, சாப்பாட்டு மேசையில் அவள் எதிரிலேயே பெயரைத் தொட்டாள்.

காதில் ஜெசிந்தாவின் குரல் ஒலித்தது. "இளவேனிலுக்கே குடுங்க சார். என்னைவிட அவதான் நல்லா பார்த்துப்பா."

ஜெசிந்தாவின் போன் சிணுங்கியது. வந்த தகவலைப் படித்தவள், இளவேனிலுக்கென்று எடுத்த மீன் துண்டைத் தன் டப்பாவிலேயே திரும்பப் போட்டாள்.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனேடி."

"சாரிடி ஜெசி. ஏதோ புத்தி கெட்டுப்போய்..."

"இத்தனை வருஷத்துல நான் உன் பேரைத் தொட்டதே இல்ல." ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

போன வாரம் மேனேஜர் அறையில் ஜெசிந்தாவைப் பற்றித் தான் சொன்னதெல்லாம் இளவேனிலுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. "வேண்டாம் ஜெசி" என்று அவள் கையை இறுகப் பிடித்தாள்.

ஜெசிந்தா அந்தப் பிடியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெயரைத் தொடாமலேயே போனைக் கீழே வைத்துவிட்டு, டப்பாவை மூடினாள்.