கும்பிடும் பொம்மை

பொம்மை மறுபடியும் திக்கியது. தப்பு, வழக்கம்போல, என்னுடையது. சாலை பஜார் ஜவுளிக்கடை ஒன்றின் டிவியில் இடைவிடாமல் கும்பிட வேண்டிய, நான் கணினியில் வரைந்த அனிமேஷன் பொம்மை அது. முதல் ஃப்ரேமே கடைசியிலும் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் நின்றுவிடும்.

"லிபி, இதை ஒண்ணு பாரேன்."

திருவனந்தபுரத்தில் நான் பேசும் ஒரே ஆள் அவள். பக்கத்து மேசையிலிருந்து வந்து, கடைசி ஃப்ரேமை அழித்தாள். பொம்மை சீராகக் கும்பிட்டது.

"தினமும் எப்பிடித்தான் மறக்குதோ சாரே!"

"மூளையில இடம் கம்மி."

"இது போன மாசமே கடையில ஓடத் தொடங்கியாச்சு. அந்த வழியாத்தான் நடந்து வாறேன். திக்கவே இல்ல. இங்க மட்டும் தினமும் அந்த ஃப்ரேமை நீங்களே ஒட்டி வெக்கீங்க, இல்லியா?"

ஏசி அறையில் எனக்கு வேர்த்தது. "தெரிஞ்சுமா தினமும் வந்தே?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் இங்க பேச வேற ஆளில்ல சாரே."