மெஷின் சொன்ன பெயர்

"மெஷின் பொய் சொல்லுமாடா? அதுக்கும் உனக்கும் என்ன முன்விரோதமா?"

முதலாளி மேசையைத் தட்டினார். தலை நிலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்த நெட்டை, அதற்கப்புறம் நிமிரவே இல்லை. சிமெண்ட் கல் வார்க்கும் அந்தப் பட்டறையில் கலவை குழைக்கிறவன் அவன். உயரத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர், வீட்டிலும்கூட அதுவே நிலைத்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை நான் இந்தப் பக்கமே வரலை முதலாளி. வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு அதைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன். வேணும்னா என் மச்சானைக் கேளுங்க."

"மச்சான் உனக்கு எதிரா சொல்லப் போறானாக்கும்!"

இது சூப்பர்வைசர். சன்னலோரம் நின்று பேசினால் தெருக்கோடி வரை கேட்கும் குரல். பட்டறையில் அவருக்கு 'மைக் செட்' என்று பெயர். அது அவருக்கு மட்டும் தெரியாது.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அன்று மாலை யாரோ வாசல் மெஷினில் விரல் வைத்துக் கதவைத் திறந்து உள்ளே வந்திருக்கிறார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில், 'ஓசியில் புதுப்படம்' என்று வந்திருந்த எதையோ திறந்து தொலைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் ஆர்டர், விலாசம், கணக்கு என்று எல்லாவற்றுக்கும் பூட்டு. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. எந்தக் கல் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று தெரியாமல் லாரிகள் வெயிலில் காய்ந்துகொண்டு நின்றன. அன்று உள்ளே வந்தது யார் என்று மெஷினைப் பார்த்தால், அது ஒரே ஒரு பெயரைக் காட்டியது. நெட்டையின் பெயர்.

கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்த பெண் மேசைக்கு அடியிலிருந்து ஒட்டடையோடு எழுந்தாள்.

"இதுக்குப் பாஸ்வேர்டு வெச்சிருந்தீங்களா சார்?"

"நம்ம ஆளுங்கதானேம்மா, எதுக்குன்னு விட்டுட்டோம்."

"எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாதுன்னாவது இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. "கலவை குழைக்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸா? மெஷின் வித்தவங்க எல்லாருக்கும் அரை நாள் கிளாஸ் எடுக்கறோம்னாங்க. அரை நாள் வேலை கெடும்னு நான்தான் வேணாம்னுட்டேன். சூப்பர்வைசர் பாத்துக்குவார்."

"ஒவ்வொருத்தனுக்கும் நானே கூட நின்னு விரல் பதிஞ்சேன்மா. டீ குடிக்கற நேரத்துக்குள்ள வேலை முடிஞ்சுது!" என்றார் மைக் செட் பெருமையாக.

"அரை நாளை மிச்சம் பிடிச்சிருக்கீங்க. இப்ப இதைத் திறக்க எத்தனை நாள் ஆகும்னு எனக்கே தெரியலை சார்," என்றாள் அவள்.

அதைக் கேட்டு முதலாளிக்கு வந்த கோபமும் நெட்டையின் மேலேயே திரும்பியது.

"கேட்டியாடா? உன்னால எனக்கு எவ்வளவு நஷ்டம்!"

"முதலாளி, பெண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம். இந்த நேரத்துல வேலையிலேர்ந்து நிறுத்திடாதீங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கவே எனக்கு மூச்சு வாங்கும். அந்தப் பெட்டியை எங்க அமுக்கினா எரியும்னுகூடத் தெரியாது."

"படம் பாக்கறதுக்கு எழுத்து எதுக்குடா?" என்றார் மைக் செட். "இவனை இப்படியே விட்டா நாளைக்கு ஆளாளுக்குத் துளிர் விட்டுப்போகும் முதலாளி. கணக்கை முடிச்சு அனுப்பிடுங்க."

நெட்டை அப்போதுதான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். அவர் மின்விசிறியைப் பார்த்தார். ஒரு வார்த்தை நெட்டையின் தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

"சரி, போ. சாயந்தரம் வந்து கணக்கை வாங்கிக்க," என்றார் முதலாளி.

"ஒரு நிமிஷம் சார். மெஷின்லயே கோளாறு இருக்கான்னு பாத்துடறேன்," என்று அந்தப் பெண் வாசலுக்கு நடந்தாள். "அண்ணே, இப்படி வந்து ஒரு தடவை விரலை வைங்க."

நெட்டை கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அதெல்லாம் எதுக்கும்மா? மெஷின் நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார் சூப்பர்வைசர். முதல் முறையாக அவர் குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது.

"வையிடா!" என்றார் முதலாளி.

வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். மறுபடி சிவப்பு. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், சுண்டுவிரல், எதற்கும் பச்சை எரியவில்லை.

அவள் அவன் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். சிமெண்ட் தின்ற விரல் நுனிகள் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தன. பேருக்குக்கூட ஒரு ரேகை இல்லை.

"இந்த விரலை மெஷின் ஒரு நாளும் எடுத்திருக்காதே! அப்ப தினமும் எப்படிண்ணே உள்ள வர்றீங்க?"

நெட்டை முதலாளியைப் பார்த்தான். இனி விழுங்க ஒன்றும் மிச்சமில்லை.

"என் பேர்ல அதுல பதிஞ்சிருக்கறது சூப்பர்வைசர் சாரோட மோதிர விரல் முதலாளி. காலையில அவர் வந்து வெச்சாத்தான் எனக்குக் கதவு திறக்கும்."

சூப்பர்வைசர் தன் வலது கையை மெல்ல பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.