கிழக்குப் பக்கம் பொங்கிய பால்

பால் திரிந்துவிட்டது.

கிரகப்பிரவேசத்தன்று, புது அடுப்பில், மஞ்சள் கொம்பு கட்டிய புதுப் பாத்திரத்தில், முதன்முதலாக வைத்த பால்.

ஸ்மிதா கரண்டியால் ஒரு கிண்டு கிண்டிப் பார்த்தாள், கிண்டினால் சரியாகிவிடும் என்பதுபோல. கட்டி கட்டியாக மேலே வந்தது. தண்ணீர் தனியாக நின்றது.

முந்தின நாள் சாயங்காலம் வாங்கிய பாக்கெட். தேங்காய்ப் பையில் தேங்காயோடு தேங்காயாக ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கிறது. மும்பை செம்பூரின் மே மாத வெக்கையில் பால் என்ன, பச்சைத் தண்ணீரே புளித்துப்போகும்.

ஃபிரிட்ஜ் மாலையில்தான் வருகிறது. இருந்த ஒரே தெர்மோகோல் பெட்டியும் அதிலிருந்த ஐஸும் ஐந்து மாதக் குழந்தைக்கென்று ஒதுக்கியாயிற்று. உள்ளே நாலு புட்டிகள். விடிவதற்கு முன்பே எழுந்து, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவி, ஸ்மிதா எடுத்து வைத்த தாய்ப்பால். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம் எழுதிய ஸ்டிக்கர்.

அந்த விஷயத்தில் அவள் மகா கறார். முகர்ந்து பார்த்து, ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்த பிறகுதான் குழந்தைக்குக் கொடுப்பாள். லேசாகப் புளிப்பு வாடை அடித்தால்கூட சிங்க்கில் கொட்டிவிட்டு, மனசு கேட்காமல் ஒரு பாட்டம் அழுவாள்.

அப்பேர்ப்பட்டவள் கடைப் பாலை முகர்ந்துகூடப் பார்க்காமல் ஊற்றியிருக்கிறாள்.

ஹாலில் ஹோமம் நடந்துகொண்டிருந்தது. புகைக்கு அலாரம் அடிக்காமலிருக்க, கூரையிலிருந்த கருவிக்கு யாரோ குளியல் தொப்பி மாட்டியிருந்தார்கள். அதன் கீழே மாமனார் சுப்ரமணியன் நெய் விட, பக்கத்தில் மாமியார் ஷ்யாமளா மடிசாரில் கண்மூடி உட்கார்ந்திருந்தாள்.

குடியிருந்த பழைய கட்டடத்தைப் புதிதாகக் கட்ட இடித்தபோது பில்டர் சொன்ன கெடு மூன்று வருஷம். ஆறாயிற்று. அதற்குள் மூன்று வாடகை வீடுகள். எந்த வீட்டிலும் ஷ்யாமளா பால் காய்ச்சவில்லை. காய்ச்சினால் சொந்த வீட்டில்தான் என்று ஒரே பிடிவாதம். நகம் வெட்டவே நாள் பார்க்கிறவள் அவள். அந்தப் பால் திரிந்துபோயிற்று என்று தெரிந்தால் இந்த வீட்டில் ஒரு நாள் நிம்மதியாகத் தூங்குவாளா?

முகூர்த்தம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. நாலாவது மாடி. லிஃப்டுக்கு இன்னும் லைசென்ஸ் வரவில்லை.

ஸ்மிதாவின் பார்வை தெர்மோகோல் பெட்டிமேல் விழுந்தது.

சேச்சே, என்றாள் தனக்குள்.

பிறகு பெட்டியைத் திறந்தாள்.

குழாயைத் திருகிவிட்டு, அந்தச் சத்தத்தில் திரிந்ததைக் கொட்டிப் பாத்திரத்தை அலம்பினாள். இரண்டு புட்டிகளை எடுத்தாள். மேலே மஞ்சளாக ஆடை பிரிந்து, கீழே லேசாக நீலம் ஓடியிருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் இதுவும் கெட்டுவிட்டது என்பார்கள். மெல்லச் சுழற்றினாள், ஒன்றாகக் கலந்தது. முகர்ந்தாள். நாக்கில் ஒரு சொட்டு. அருமை.

இதையெல்லாம் கொதிக்க வைக்கக்கூடாது, புட்டியை வெந்நீரில் நிறுத்தித்தான் சூடாக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அது குழந்தைக்கு. வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

"ஸ்மிதா, பால் பொங்கித்தா?"

ஹாலிலிருந்து ஷ்யாமளாவின் குரல். ஸ்மிதா பர்னரை முழுசாகத் திருப்பினாள். பொங்கு, பொங்கு என்று பாத்திரத்தைக் கெஞ்சினாள். பாத்திரத்தைக் கிழக்குப் பக்கமாக ஒரு மயிரிழை சாய்த்தும் வைத்தாள். சாமி அதைக் கண்டுகொள்ளவில்லை. நுரை கிடுகிடுவென்று ஏறிக் கிழக்குப் பக்கமாகவே வழிந்தது.

அவள் போட்ட கூச்சலில் மொத்த ஹாலும் அடுக்களைக்கு வந்துவிட்டது. ஷ்யாமளா கையெடுத்துக் கும்பிட்டாள். கண் நிறைந்திருந்தது.

சர்க்கரை போட்டு, முதல் ஸ்பூன் ஷ்யாமளாவுக்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு ஸ்பூனைத் தானே வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தாள்.

சுப்ரமணியன் உள்ளங்கையை நக்கிவிட்டு, அறுபத்தெட்டு வயசில் இப்படி ஒரு பால் குடித்ததில்லை, எந்தக் கடை என்று விசாரித்தார். ஹோமம் பண்ணிவைத்த வாத்தியார் பசும்பால்தானே என்று கேட்டார். வீட்டுப் பால் என்றாள் ஸ்மிதா. கணவன் நகுல், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சப்புக்கொட்டினான். குழந்தை அவன் வாயையே பார்த்தது.

ஸ்மிதாவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு இருமினாள். ஹோமப் புகை என்று கையைக் காட்டினாள்.

சுப்ரமணியன் மறுபடி கையை நீட்டினார். பிரசாதம் என்றால் ஒரு சொட்டுதான் என்று அதட்டிவிட்டு ஷ்யாமளா பாத்திரத்தை மூடினாள்.

எல்லோரும் இட்லிக்குப் போனார்கள். ஸ்மிதாவோடு ஷ்யாமளா மட்டும் நின்றுவிட்டாள். அடுக்களைக் கதவைச் சாத்தினாள். அதில் நெற்றியை முட்டிக்கொண்டு திரும்பாமல் நின்றாள்.

அவள் தோள் குலுங்கியது.

ஸ்மிதாவின் சிரிப்பெல்லாம் வற்றிப்போயிற்று. சொல்லிவிடலாமா? காலில் விழுந்துவிடலாமா? ஆறு வருஷம் காத்திருந்தவளை இப்படி ஏமாற்றிவிட்டோமே!

ஷ்யாமளா திரும்பினாள். மடிசார் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பேச்சு வருவதற்கு அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

"கொழந்தைக்கு மீதி இருக்கோல்லியோ?"